பழைய படக்கதைகளைச் சேர்ப்போம்!

பழைய பேப்பர்க் கடைத் தராசுக்குப் படிப்பு கிடையாது. கம்பராமாயண உரையும் கணக்கு வழிகாட்டியும் கல்யாணப் பத்திரிகையும் அதற்கு ஒன்றுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் காசைக் கையில் கொடுத்துவிட்டால் அத்துடன் கணக்குத் தீர்ந்தது. அந்தத் தட்டில் ஏறி, அழுவதற்கு ஆளில்லாமல் மறைந்துபோன நூல்கள் எவை என்று என்னைக் கேட்டால், சிறுவர் படக்கதைப் புத்தகங்களே என்று தயங்காமல் சொல்வேன்.

சென்ற கோடை விடுமுறையில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பழைய பேப்பர்க் கடை வாசலில் சணல் கயிறு கட்டிய சிறு கட்டு ஒன்று என் கண்ணில் பட்டது. மேலே இருந்தது ஒரு ராணி காமிக்ஸ். அட்டையில் பாதி இல்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தேன், பத்தொன்பது புத்தகங்கள். விலை கேட்டேன்.

"என்ன சார், பேரப்பிள்ளைக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "போன வாரம் வந்திருந்தீங்கன்னா ஒரு சாக்கு நிறைய இருந்துச்சு சார். யாரும் கேக்கலை, லோடு ஏத்தியாச்சு" என்றார்.

அந்தச் சாக்குமூட்டையை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பேப்பர் மில்லுக்குப் போய்க் கூழாகி, இந்நேரம் எங்கோ ஓர் அட்டைப் பெட்டியாக மாறியிருக்கும். படக்கதை சேர்ப்பது பற்றி இவ்வாண்டு மலரில் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். "பேராசிரியர்க்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று சிலர் புருவம் உயர்த்தலாம். அவர்களும் இறுதிவரை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

சிவகாசியில் பிறந்த வீரர்கள்

இன்றைய மாணவ மாணவியர் பலர்க்குத் தமிழ்ப் படக்கதையின் வரலாறு தெரியாது. அது அவர்கள் குற்றமன்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

தினத்தந்தியில் 1960-ஆம் ஆண்டு 'கன்னித்தீவு' தொடங்கியது. சிந்துபாத்தின் அந்தக் கதை நாள்தோறும் சில கட்டங்களாக வளர்ந்து, தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவுடன் செய்தித்தாளை நம் மக்கள் கையில் எடுத்ததற்கு அந்தக் கட்டங்களும் ஒரு காரணம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. சௌந்தரபாண்டியன் வெளியீட்டாளர், முல்லை தங்கராசன் முதல் ஆசிரியர், முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. தீப்பெட்டி லேபிளும் நாட்காட்டியும் அச்சிட்டுத் தேர்ந்த அச்சகங்கள் நிறைந்த ஊர் சிவகாசி. படம் அச்சிடுவது அவ்வூருக்குக் கைவந்த கலை. படக்கதை அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

1984-ஆம் ஆண்டைத் தமிழ்ப் படக்கதையின் பொற்காலத் தொடக்கம் எனலாம். அந்த ஆண்டில்தான் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதைக்கூட எட்டாத நிலையில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்திக் குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வெளிவந்தது. அப்பத்தாண்டில் வாண்டுமாமா 'பூந்தளிர்' இதழில் கபீஷ் என்ற குரங்கையும் காக்கை காளியையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக்கினார்.

இவற்றுள் ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-ல் நின்றுபோயிற்று. பூந்தளிரும் நின்றுவிட்டது. முத்துவும் லயனும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. முத்து காமிக்ஸ் 2022-ல் பொன்விழாக் கண்டது. வாழும் இதழ்களின் பழைய கதைகள் சிலவேனும் மறுபதிப்பாகின்றன. நின்றுபோன இதழ்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. அவை இன்று இருப்பது வீட்டுப் பரண்களில். அல்லது நான் சொன்ன சாக்குமூட்டைகளில். பரணிலிருந்து சாக்குக்கு இறங்க ஒரு நாள் போதும்.

எனக்கு வந்த இழப்பு

இதை நான் பிறர் கதையாகச் சொல்லவில்லை. 1984-ல் எனக்கு வயது பத்து. ஒன்றரை ரூபாய் சேர்ப்பது அந்நாளில் எனக்குப் பெரும்பாடு. கடைக்குப் போய் மிச்சம் வாங்கும் பத்துக் காசு, ஊரிலிருந்து வரும் தாய்மாமன் கையில் திணிக்கும் ஒற்றை ரூபாய், பேருந்தில் போக வேண்டிய தூரத்தை நடந்து மிச்சம் பிடிக்கும் சில்லறை இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு புத்தகம். வாங்கியதைத் தெருவில் நடந்துகொண்டே படித்து, எருமை மாட்டின்மேல் மோதிய பெருமையும் எனக்கு உண்டு.

ஏழாண்டுகளில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்தது. நூற்றறுபதுக்கு மேல் இருக்கும். பெட்டிக்கு நம் ஊர்ப் பூட்டு ஒன்று போட்டிருந்தேன். திண்டுக்கல் பூட்டின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. அந்தப் பூட்டைத் தம்பியால் திறக்க முடியவில்லை. அவன் நண்பர்களாலும் முடியவில்லை.

1991-ல் நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். அந்த ஆண்டு வீடு மாற்றினார்கள். புதிய வீடு சிறியது. விடுமுறைக்கு வந்தபோது பெட்டி இருந்தது. உள்ளே கோதுமை இருந்தது. "இனிமே காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு அது எதுக்குப்பா?" என்றார் அப்பா. இருபத்தெட்டு ரூபாய் கிடைத்ததாம். அந்தப் பணத்தில் எனக்கு ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். தோல் ஷாப்பில் கணக்கெழுதி ஐந்து வயிறுகளைக் காப்பாற்றிய மனிதர். அவரிடம் நான் என்ன கோபம் காட்ட முடியும்? செருப்பைப் போட்டுக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் குற்றம் என்மீதும் உண்டு. அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று நான் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. படம் பிடித்துவிட்டதென்று சில இதழ்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருக்கிறேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று: யாருக்கும் படிக்கக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்தப் புத்தகங்கள் பத்து வீடுகளில் சிதறியிருக்கும், சிலவாவது பிழைத்திருக்கும். அவற்றின் அருமை அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். பூட்டு திருடனைத்தான் தடுக்கும், மறதியைத் தடுக்காது.

எதற்காகச் சேர்க்க வேண்டும்?

"பழைய காமிக்ஸுக்கு இப்போது நல்ல விலையாமே?" என்று கேட்டுக்கொண்டு சில இளைஞர்கள் இந்தப் பழக்கத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அமெரிக்காவின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் 10 சென்ட்டுக்கு விற்றது. அதன் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கேட்பவர் வாய் பிளப்பர். ஆனால் விலை ஏன் ஏறியது? இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் சேர்க்கும் இயக்கத்தில் அந்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் படக்கதைகளையும் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மற்றவற்றைத் தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள். 1954-ல் பிரெடரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் கெடுவதற்குப் படக்கதைகளே காரணம் என்று நூலெழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். அக்காலத்தில் சில ஊர்களில் அவற்றைக் குவித்துக் கொளுத்தவும் செய்தார்கள். இத்தனைக்கும் தப்பியவை சிலவே. அந்த அருமைக்குத்தான் இந்த விலை. விலைக்காகவே இன்று நூறு நூறாகப் பதுக்கி வைத்தால் நாளை எல்லாரிடமும் இருக்கும், யாரும் வாங்கமாட்டார்கள். இது பொருளாதார மாணவர்கள் அறியாததன்று.

அங்கே இன்னொரு வழக்கமும் இருக்கிறது. புத்தகத்தின் நிலையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடி முத்திரையிட்டுவிடுகிறார்கள். பிறகு அதை யாரும் திறப்பதில்லை. படிக்க முடியாத புத்தகத்துக்கும் செங்கல்லுக்கும் என்ன வேறுபாடு? நான் வாங்கிய கட்டில் ஒரு புத்தகத்தின் உள்ளட்டையில் ஊதா மையில் ஒரு வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை இருக்கிறது. "ஒரு நாள் வாடகை 15 பைசா" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. விலை பார்ப்பவர்க்கு அது கறை. வரலாறு படித்த எனக்கு அது கல்வெட்டு.

சேர்ப்பவன் செய்யும் பணிக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களோடு, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று பிறர் எறிந்த தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழிசெய்தது. அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ 1 லட்சம். இன்று தமிழாராயும் பலர் அந்த நூலகத்தின் படியேறாமல் தம் ஆய்வை முடிப்பதில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளுக்காகக் கலங்கிய உ.வே.சாமிநாதையரோடு நம்மை ஒப்பிடுவது அதிகப்பிரசங்கம். ஆனால் ஒரு காலத்தின் மக்கள் எதைப் படித்து மகிழ்ந்தார்கள் என்பதை அடுத்த காலத்துக்குச் சொல்ல யாராவது ஒருவர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பெரிய நூல்களைக் காக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தை நாம்தான் காக்க வேண்டும்.

தொடங்குவது எப்படி?

ஆர்வம் மட்டும் இருந்து வழி தெரியாதவர்களுக்காகச் சில சொல்கிறேன்.

முதலாவது, வீட்டிலிருந்து தொடங்குங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். பரணில் ஏறிப் பாருங்கள். சித்தப்பாவிடமும் தாய்மாமனிடமும் கேளுங்கள். வத்தலக்குண்டிலோ நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ இருக்கும் தாத்தா வீட்டு நெல்குதிருக்குப் பின்னால்கூட ஒரு கட்டு கிடக்கலாம். போகிப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாகக் கேட்பது நல்லது; போகி முடிந்து கேட்டால் சாம்பல்தான் கிடைக்கும். கேட்கும்போது புத்தகம் மட்டும் வராது, கதையும் சேர்ந்து வரும். "இதைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிடுங்கி வைத்துக்கொண்டு அவரே படித்தார்" என்று மாமா சொல்வார். அதையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்க்க நினைத்தவன் எதையும் சேர்க்கமாட்டான். ஒரு நாயகன், ஓர் இதழ், அல்லது நீங்கள் பிறந்த ஆண்டு என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு காசும் செலவழிக்க இயலாதவர் நாளிதழில் வரும் படக்கதைத் துணுக்குகளைத் தேதியிட்டு வெட்டி நோட்டில் ஒட்டலாம். அதுவும் சேகரிப்பே. ஓராண்டு விடாமல் செய்து பாருங்கள்; அதற்கு வேண்டிய ஒழுங்கு எவ்வளவு என்று தெரியும்.

மூன்றாவது, வாங்குமிடம் அறிந்து வாங்குங்கள். நம் ஊர்ப் பழைய பேப்பர்க் கடைக்காரர்களிடம் தொலைபேசி எண் கொடுத்து வைத்தால் சொல்லி அனுப்புவார்கள். எடை விலைக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்; அடுத்த கட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இன்னும் வெளிவரும் இதழ்களைப் புதிதாகவே காசு கொடுத்து வாங்குங்கள். இன்று புதிதை வாங்காதவனுக்கு நாளை பழையது கிடைக்காது.

நான்காவது, குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என் தவற்றிலிருந்து சொல்கிறேன். கதையின் பெயர், இதழ் எண், மாதம், விலை, பக்கம், கிடைத்த இடம், கொடுத்தவர் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். பெயர் ஒன்றாயிருந்தால் ஆளும் ஒருவரே என்று நம்பிவிடாதீர்கள். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு. ராணி காமிக்ஸின் மாயாவி வேறு. பின்னவர் 1936-ல் லீ ஃபாக் படைத்த முகமூடி வீரர். அவரே முத்து காமிக்ஸில் வேதாளர் என்ற பெயரோடு வந்தார். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதே ஒரு சிறு ஆராய்ச்சி.

ஐந்தாவது, காப்பாற்றுங்கள். இப்புத்தகங்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. அக்காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் நீங்காமல் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து, அமிலம் ஏறி, அப்பளமாய் நொறுங்கும். நம் சமவெளியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தரையோடு வைத்தால் பூஞ்சையும் கரையானும் வரும். ஆகவே வீட்டுக்குள், வெயில் படாத சுவரோரம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறிப் படத்தையே தின்றுவிடும். துருப்பிடித்த கம்பிப் பின்னை மெல்ல எடுத்துவிட்டு நூலால் தையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு நம் பாட்டிமார் சொன்ன வசம்புத் துண்டு நல்லது. துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்கிடையே செருகாதீர்கள், கறை பிடிக்கும். எல்லாவற்றிலும் சிறந்த மருந்து ஒன்றுண்டு: மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவது.

ஆறாவது, படிக்கக் கொடுங்கள். யாருக்கு, என்று கொடுத்தோம் என்று எழுதி வைத்துக் கொடுங்கள். பத்தில் ஒன்று திரும்பாது. அந்த ஒன்று இன்னொரு வீட்டில் இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

சில மறுப்புரைகள்

"இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம்" என்பது முதல் மறுப்பு. சின்னப் பிள்ளைகளாக இருந்துதான் எல்லாரும் பெரியவர்களானோம். நான் கல்லூரியில் படித்த தடித்த நூல்களைப் படிக்கும் பொறுமையை எனக்குத் தந்தது எது என்று எண்ணிப் பார்க்கிறேன். "அடுத்து என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிய அந்தப் பழக்கம்தான்.

"அவை அயல்நாட்டுச் சரக்குதாமே! நம்முடையது என்ன இருக்கிறது?" என்பது இரண்டாவது. இது சிந்திக்கத்தக்கது. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் பிறந்தவன். படத்தை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும் என்ற அந்தக் கற்பனையை நம்பி, வீட்டுச் சுவிட்சுப் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்த சிறுவர்கள் எங்கள் தெருவில் மட்டும் மூவர் உண்டு. அந்த ஓவியரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் மாயாவி எங்களோடு தமிழில் பேசினான். அந்தத் தமிழை எழுதியவர்கள், சிறு கட்டத்துக்குள் அடங்குமாறு சொற்களைச் செதுக்கியவர்கள், அச்சுக் கோத்தவர்கள் நம்மவர்கள். அவர்களில் பலர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வாசகர் கடிதப் பகுதியைப் பாருங்கள்; நிலப்படத்தில் தேடினாலும் கிடைக்காத சிற்றூர்களின் பெயர்கள் இருக்கும். பின்னட்டை விளம்பரத்தைப் பாருங்கள். அன்று பிள்ளைகள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று தெரியும். கதை எங்கிருந்து வந்தாலும் புத்தகம் நம்முடையது.

"எல்லாம்தான் கணினியில் படமாகக் கிடைக்கிறதே!" என்பது மூன்றாவது. கிடைப்பவை சில, கிடைக்காதவை பல. கிடைப்பவற்றிலும் கடிதப் பகுதியும் விளம்பரமும் விடுபட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். உரிமையாளர் இசைவின்றிப் பரப்புவது சட்டப்படி தவறு என்பதையும், வாழும் பதிப்பகத்தின் வயிற்றில் அடிப்பது என்பதையும் மறந்துவிடலாகாது. தவிர, அந்தப் படத்தை எடுப்பதற்கும் யாராவது ஒருவர் மூலப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டுமல்லவா?

ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரி நூலகத்தின் கிழக்குச் சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி காலியாக நிற்கிறது. அதில் ஒரே ஒரு தட்டைப் படக்கதைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று முதல்வர் அவர்களையும் நூலகர் அவர்களையும் இம்மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பணம் வேண்டாம். மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பழைய படக்கதை கொண்டுவந்தால் போதும். புத்தகத்தோடு, அது யாருடையது, எப்போது வாங்கியது, வீட்டில் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பத்து வரி எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாண்டுகளில் திண்டுக்கல் வட்டாரத்து மக்கள் எதைப் படித்து வளர்ந்தார்கள் என்பதற்கு, வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆவணம் நம்மிடம் இருக்கும். எங்கள் துறை மாணவர்க்கு ஆய்வுப் பொருளுக்கும் பஞ்சமிராது.

நாகல் நகரில் வாங்கிய அந்தப் பத்தொன்பதையும் நூலால் தைத்துப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். தட்டு ஒதுக்கப்பட்ட மறுநாள் அவற்றைக் கொண்டுவந்து தருகிறேன். 1991-ல் எடைக்குப் போன என் நூற்றறுபதில் இதுவரை மீண்டும் தேடிப் பிடித்தவை முப்பத்திரண்டு. அவையும் பின்னால் வரும். அலமாரிக்குப் பூட்டு வேண்டுமென்றால் நம் ஊர்ப் பூட்டே இருக்கிறது. சாவி மட்டும் ஆணியில், எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கட்டும்.